அக்காவின் பழைய படமும் தங்கையின் கேள்வியும்: மார்பகப் படத்தைக் கொண்டு வருங்கால ஆபத்தைக் கணித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு முற்பகல் வேளையில், கடலூர் முதுநகரைச் சேர்ந்த 41 வயதுப் பெண் ஒருவர், புதுச்சேரியில் நான் ரேடியாலஜிஸ்டாகப் பணிபுரியும் ஸ்கேன் மையத்துக்குத் தம் அக்காவுடன் வந்தார். அவருக்குக் கட்டி இல்லை, வலி இல்லை, காம்பில் கசிவும் இல்லை. உடன்வந்த அக்காவுக்குத்தான் நோய். 47 வயதான அவருக்கு வலது மார்பின் மேல்வெளிப் பகுதியில் 2.4 சென்டிமீட்டர் அளவுள்ள புற்றுக்கட்டி இருப்பது இரண்டு மாதங்களுக்கு முன் பயாப்ஸியில் உறுதியாகி, கீமோதெரபி நடந்துகொண்டிருந்தது. தலையில் முக்காடிட்டிருந்த அவர், மடியில் வைத்திருந்த மஞ்சள் உறையை என் மேசைமேல் வைத்து, "இது மூணு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது டாக்டரம்மா, ஒண்ணும் இல்லைன்னுதான் எழுதியிருக்காங்க" என்றார். தங்கை சற்றுத் தயங்கிவிட்டு, "எனக்கும் வருமான்னு என் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார்.

மார்பகத்தின் எக்ஸ்ரே படமான மேமோகிராமிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி வேறு. இன்று நோய் இருக்கிறதா இல்லையா என்பதே அது. தங்கை கேட்டதோ இன்று இல்லாத ஒன்று பின்னாளில் வருமா என்பது. ஒரே படத்திலிருந்து இரண்டுக்கும் விடை தேடலாம், ஆனால் இரண்டு விடைகளுக்கும் உள்ள உறுதி ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை நோயாளியிடம் எப்படிச் சொல்வது என்பதே இந்த நிகழ்வில் எனக்கு மிகக் கடினமாக இருந்ததால், மூன்றாண்டுத் தொடர்கண்காணிப்புக்குப் பின் இதை எழுதுகிறேன். சகோதரிகள் இருவரின் ஒப்புதலோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்ப வரலாறு

குடும்பத்தில் வேறு யாருக்கேனும் புற்றுநோய் உண்டா என்று கேட்டபோது இருவரும் இல்லை என்றனர். இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியை அந்தச் சொல்லால் மட்டும் கேட்டு நிறுத்துவது போதாது என்பது என் அனுபவம். ஆகவே, மார்பில் ஆறாத புண்ணோடு யாராவது இறந்தார்களா என்று மறுபடி கேட்டேன். அக்கா உடனே, "பெரியம்மாவுக்கு இருந்துச்சு" என்றார். குறிஞ்சிப்பாடியில் வாழ்ந்த தாயின் மூத்த சகோதரிக்கு ஐம்பது வயது வாக்கில் மார்பில் புண் ஏற்பட்டு, பச்சிலை வைத்துக் கட்டி, ஓராண்டுக்குள் இறந்திருக்கிறார். திசுப் பரிசோதனை செய்யப்படாததால் அதை உறுதியான நோயாகக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனாலும் வேறொன்றாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன்.

தங்கை 12 வயதில் பூப்பெய்தியவர். முதற்குழந்தை 29 வயதில் பிறந்தது. இரண்டு குழந்தைகளுக்கும் ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் கொடுத்திருக்கிறார். மாதவிடாய் சீராக இருந்தது. ஹார்மோன் மருந்து எதுவும் எடுத்ததில்லை. உடல் எடை இயல்பான அளவில் இருந்தது.

தாய், சகோதரி, மகள் ஆகியோரில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தால் ஒரு பெண்ணின் ஆபத்து ஏறத்தாழ 1.8 மடங்காகிறது என்பதும், இருவருக்கு இருந்தால் 2.9 மடங்கை ஒட்டுகிறது என்பதும், பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2001இல் வெளியான பெருந்தொகுப்பின் முடிவு. அதே தொகுப்பின் மறுபக்கத்தை நாம் மறந்துவிடுகிறோம். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட நெருங்கிய உறவினர் எவருமே இல்லை.

அக்காவின் சிகிச்சை மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ஆகிய இரண்டு மரபணுக்களிலும் கேடு விளைவிக்கும் மாற்றம் காணப்படவில்லை. நோயுற்றவரிடமே அது இல்லாதபோது, அவர்வழியில் தங்கையைச் சோதிப்பதில் பொருளில்லை என்று அந்தக் கதவு மூடப்பட்டது. இனிப் படம் என்ன சொல்கிறது என்பதே மிஞ்சியது.

மஞ்சள் உறைக்குள் இருந்தவை

உறையில் நான்கு பிலிம்கள் இருந்தன. ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து கீழாக எடுத்தது ஒன்று, சாய்வாக எடுத்தது ஒன்று. கடற்கரை ஈரத்தில் இரண்டு பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தெடுத்தபோது ஒன்றின் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பூச்சு உரிந்துவிட்டது. நல்லவேளையாக அது திசு பதிந்த பகுதியன்று. அவற்றை விளக்குப் பெட்டியில் மாட்டினேன்.

கொழுப்பு மிகுந்த மார்பு, படத்தில் கரிய பரப்பாகவும், அதனூடே இலை நரம்புகளைப் போன்ற மெல்லிய வெண்கோடுகளாகவும் தெரியும். அதில் சிறு கட்டி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அக்காவின் படம் அதற்கு நேர்மாறானது. காம்பின் பின்புறத்திலிருந்து மார்புத்தசை வரை, ஆறிய கஞ்சியின்மேல் படிந்த ஆடைபோல வெண்மை மூடியிருந்தது. எக்ஸ்ரே கதிரைக் கொழுப்பு எளிதில் ஊடுருவ விடும், ஆதலால் அது கருமையாகப் பதியும். சுரப்பித் திசுவும் நார்த் திசுவும் கதிரைத் தடுப்பதால் வெண்மையாகப் பதியும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே பதியும். மரக்காணத்து உப்புக் குவியலில் ஒரு பளிங்குக் கல்லைத் தேடச் சொன்னால் எப்படியிருக்குமோ, அடர்த்தியான மார்பில் கட்டியைத் தேடுவது அப்படித்தான் இருக்கும்.

இந்த அடர்த்தியைப் பை-ராட்ஸ் என்னும் அறிக்கை முறை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறது. ஏ பெரும்பாலும் கொழுப்பு, டி மிக அடர்த்தி. அக்காவின் 2019 படம் ஐயத்துக்கிடமின்றி டி. ஆனால் உறையிலிருந்த அறிக்கையில் அடர்த்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "கட்டியோ சுண்ணாம்புப் படிவோ காணப்படவில்லை, இயல்பு" என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. படத்தை எடுத்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்நாட்களில் நான் எழுதிய அறிக்கைகளிலும் அடர்த்தியைக் குறிக்கும் எழுத்து ஆங்கிலத்தில் ஒரு மூலையில் கிடந்ததே தவிர, அதன் பொருளை எந்தப் பெண்ணுக்கும் நான் விளக்கியதில்லை.

அந்த வெண்மைக்குள் கட்டி அப்போதே இருந்ததா? இடம் தெரிந்த பின் தேடினால் இல்லாததும் இருப்பதுபோல் தோன்றும். அந்த மயக்கத்தைத் தவிர்க்க, அக்காவின் பிலிம்களை வேறு ஒன்பது பெண்களின் அடர்த்தியான படங்களோடு கலந்து, விவரம் எதுவும் சொல்லாமல், உடன் பணிபுரியும் இரு மருத்துவர்களைத் தனித்தனியே பார்க்கச் சொன்னேன். இருவரும் அக்காவின் படத்தை டி என்றனர். கட்டி இருப்பதாக இருவரும் குறிக்கவில்லை. ஒருவர் மட்டும், இடதைவிட வலது மேல்வெளிப் பகுதி சற்றுக் கூடுதல் வெண்மையாக இருப்பதாக எழுதினார். ஆனால் வேறு மூன்று பெண்களின் படங்களிலும் அவர் அவ்வாறே எழுதியிருந்தார், அம்மூவருக்கும் நோய் வரவில்லை.

ஆகவே 2019இல் எவரோ கட்டியைத் தவறவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படம் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறொன்று. இந்த மார்பில் நோய் வந்தால் மேமோகிராமில் எளிதில் தெரியாது, நோய் வரும் வாய்ப்பும் சராசரியைவிடக் கூடுதல். எழுதப்படாமல் போனது இதுதான்.

அடர்த்தி சொல்லும் வருங்காலம்

மார்பின் அமைப்பைப் பார்த்தே பின்னாளைய ஆபத்தைக் கணிக்கலாம் என்று முதலில் வகைப்படுத்திக் காட்டியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பணியாற்றிய ஜான் வுல்ஃப். 1976இல் அவர் மேமோகிராம் படங்களை நான்கு வகையாகப் பிரித்து, அடர்ந்த வகையினருக்கு அதிகமாக நோய் வருவதைக் காட்டினார். அடர்த்தியான படத்தில் கட்டி மறைந்திருந்து ஓரிரு ஆண்டுகளில் வெளிப்படுகிறது, அவ்வளவே என்று அதை மறுத்தவர்கள் இருந்தனர். அது உண்மையானால் சில ஆண்டுகளில் வேறுபாடு மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. கனடாவின் நார்மன் பாய்டும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மார்பின் முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தியாக உள்ள பெண்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஆபத்து 4.7 மடங்கு என்பதும், அந்தக் கூடுதல் ஆபத்து எட்டாண்டுகளுக்குக் குறையாமல் நீடிக்கிறது என்பதும் தெரிந்தன. புற்றுநோய் தோன்றும் செல்களும் அவற்றைச் சூழ்ந்து வளர்ச்சிக்குத் தூண்டும் நார்த் திசுவும் அங்கே அதிகம் என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இரட்டையரிடம் நடந்த ஆய்வுகள், ஒரே வயதுடைய பெண்களுக்கிடையே அடர்த்தியில் காணும் வேறுபாட்டில் பாதிக்கு மேல் பரம்பரையால் வருவதாகக் காட்டின. அக்காவுக்கு டி என்றால் தங்கைக்கும் அடர்த்தி மிகுந்திருக்கலாம் என்று படம் எடுக்குமுன்பே நான் எதிர்பார்த்ததற்கு இதுவே காரணம்.

அந்த எதிர்பார்ப்புப் பொய்க்கவில்லை. தங்கையின் படமும் டி. கட்டி, சுண்ணாம்புப் படிவு, இருபுற வேறுபாடு எதுவும் இல்லை. அடர்த்தியின் காரணமாகச் செய்த அல்ட்ராசவுண்டில் இடப்பக்கம் இரண்டு சிறிய நீர்க்கட்டிகள் மட்டும் தெரிந்தன. அவை தீங்கற்றவை.

இங்கே அந்த 4.7 என்னும் எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது பெண்களைத் தேவைக்கு மேல் அச்சுறுத்தும் எண். மிகக் குறைந்த அடர்த்தியுள்ள சிறு பிரிவினரோடு ஒப்பிட்டால்தான் அந்த மடங்கு கிடைக்கிறது. தங்கை தம்மை ஒப்பிட வேண்டியது அவர்களோடு அன்று, தம் வயதிலுள்ள சராசரிப் பெண்ணோடு. அப்படிப் பார்த்தால் மிக அடர்ந்த மார்பின் ஆபத்து ஏறத்தாழ இருமடங்கு.

இந்த வயதில் அடுத்த பத்தாண்டுகளில் நோய் வருவது, நம் நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளின் அளவை வைத்துப் பார்த்தால், நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கை ஒட்டியிருக்கும். சகோதரிக்கு நோய் இருப்பதால் அது இரண்டை நெருங்கும். அடர்த்தியையும் பெருக்கினால் நான்கை நெருங்கும். ஆனால் அடர்த்தியின் ஒரு பகுதி பரம்பரை வழியாகவே வருவதால், இரண்டையும் முழுதாகப் பெருக்குவது ஒரே காரணத்தை இருமுறை எண்ணுவதாகும். எனவே நூற்றுக்கு மூன்று என்ற அளவில் வைத்தேன். இது என் தோராயக் கணக்கு என்பதையும், எந்த இந்திய ஆய்வும் உறுதிசெய்து தந்த அளவன்று என்பதையும் அவரிடம் ஒளிக்கவில்லை.

கணினி கணிப்பதும் நம் ஊரும்

மனிதக் கண் நான்கு எழுத்துகளில் அடக்குவதைவிட அதிகம் அந்தப் படத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ஆடம் யாலாவும் ரெஜினா பார்சிலேயும் உருவாக்கிய மிராய் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரி, மேமோகிராமின் நான்கு படங்களைக் கொண்டு அடுத்த ஐந்தாண்டுகளுக்கான ஆபத்தைக் கணிக்கிறது. பார்சிலே 2014இல் தாமே மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானவர். 2021இல் வெளியான முடிவுகளின்படி, பின்னாளில் நோய் வந்த ஒருவரையும் வராத ஒருவரையும் இணையாக நிறுத்தி யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், அந்த மாதிரி பாஸ்டனில் நூறு இணைகளில் 76லும், தைவானில் 79லும், ஸ்வீடனில் 81லும் சரியாகச் சொன்னது. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே 50 கிடைக்கும் என்பதை நினைவில் வைத்து இந்த எண்களைப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, இடது வலது மார்புகளுக்கிடையே ஒரே இடத்தில் காணும் வேறுபாட்டை மட்டும் பார்க்கும் எளிய மாதிரிகூட மிராய்க்கு வெகுதொலைவில் இல்லை என்று காட்டியது. என் சக மருத்துவர் அக்காவின் படத்தில் குறித்த அந்தச் சிறு வெண்மையை எண்ணிக்கொண்டேதான் அதைப் படித்தேன்.

2025இல், வழக்கமான மேமோகிராமிலிருந்து ஐந்தாண்டு ஆபத்தைக் கணிக்கும் கிளாரிட்டி பிரெஸ்ட் என்னும் மென்பொருளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் அந்த நாள் வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். ஆனால் தங்கையின் படத்தை அப்படிப்பட்ட ஒன்றில் இட்டு, வரும் எண்ணைத் தீர்ப்பாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மிராய் விரிவாகச் சோதிக்கப்பட்டது 5 நாடுகளில் உள்ள 7 மருத்துவமனைகளில். அவற்றில் இந்தியா இல்லை. வரிசைப்படுத்துவது வேறு, அளவிடுவது வேறு. யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்ற வரிசையை ஒரு மாதிரி கடலூரிலும் சரியாகச் சொல்லக்கூடும். ஆனால் வயதுவாரியாகச் சமன்செய்து பார்த்தால் அமெரிக்காவில் இந்நோயின் வீதம் இந்தியாவைவிட மூன்று மடங்குக்கும் மேல். அங்கே பழகிய கணக்கு, திருத்தாமல் இங்கே வந்தால் நம் பெண்ணுக்கு இல்லாத ஆபத்தைச் சுமத்திவிடும். படம் எடுக்கும் கருவி மாறினாலும் கணிப்பு மாறக்கூடும். அக்காவின் பிலிம்களையோ எந்த மாதிரியிலும் இட இயலாது, ஏனெனில் அவற்றின் டிஜிட்டல் கோப்பு எவரிடமும் இல்லை. குறுந்தகட்டில் பதிந்து தந்திருந்தால் அந்த நான்கு படங்கள் இன்று ஓர் ஆய்வுக்காவது பயன்பட்டிருக்கும்.

எடுத்த முடிவு

அக்காவுக்கு நோய் கண்ட வயது 47. நெருங்கிய உறவினருக்கு நோய் வந்த வயதைவிடப் பத்தாண்டு முன்பே பரிசோதனையைத் தொடங்குவது பரவலாகப் பின்பற்றப்படும் வழக்கம். அந்தக் கணக்கில் தங்கை 37இலேயே தொடங்கியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் மேமோகிராமும், அதோடு அல்ட்ராசவுண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரின் கைப்பரிசோதனையும் என்று முடிவு செய்தோம். கைப்பரிசோதனையைச் சிலர் பழங்காலத்து முறையாகக் கருதுகின்றனர். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களின் கைப்பரிசோதனை நோயை முன்நிலையிலேயே கண்டறிய உதவியது. 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. மொத்தத்தில் கண்ட 15 விழுக்காட்டுக் குறைவு மட்டும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை.

எம்ஆர்ஐ பற்றி நீண்ட நேரம் பேசினோம். நெதர்லாந்தில் மிக அடர்ந்த மார்புள்ள பெண்களிடம் நடந்த டென்ஸ் ஆய்வில், இரு பரிசோதனைகளுக்கிடையே தானாக வெளிப்படும் புற்றுநோய், எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்டோரிடம் ஆயிரத்துக்கு 2.5ஆகவும் மற்றவரிடம் 5ஆகவும் இருந்தது. பயன் தெளிவானது. ஆனால் அங்கே பங்கேற்றவர்கள் 50 முதல் 75 வயதினர். முதற்சுற்றில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 80 பேர் நோயில்லாமலேயே மேற்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் ஒருவர் ஆண்டுதோறும் அந்தச் செலவையும் அந்த அலைச்சலையும் தாங்க முடியுமா என்பதும் மருத்துவக் கேள்விதான். இப்போதைக்கு வேண்டாம், சந்தேகத்துக்குரியது எதுவும் தெரிந்தால் உடனே எடுப்போம் என்று அவரே சொன்னார். தமாக்சிஃபென் மாத்திரை அடர்த்தியையும் ஆபத்தையும் குறைக்கும் என்பதையும் விளக்கினேன். மாதவிடாய் மாற்றங்களைக் கேட்டபின் அவர் அதை விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அன்று தொடங்கி என் அறிக்கைகளின் அடியில் தமிழில் ஒரு பத்தி சேர்க்கிறேன். தங்கைக்கு எழுதியது இது: "உங்கள் மார்பில் சுரப்பித் திசு மிக அடர்த்தியாக உள்ளது. இது நோயன்று, பல பெண்களுக்கு உள்ள அமைப்பு. ஆனால் இதனால் சிறு கட்டி படத்தில் மறையக்கூடும், நோய் வரும் வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. படம் இயல்பு என்று எழுதியிருந்தாலும், கையில் கட்டி தட்டுப்பட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்." அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய அடர்த்தியைத் தெரிவிப்பது கட்டாயம். நம் நாட்டில் அந்தக் கட்டாயம் வராவிட்டாலும், எழுதுவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.

தொடர்கண்காணிப்பு

2023ஆம் ஆண்டுப் படத்தில் வலப்பக்கம் முந்தைய படத்தில் இல்லாத ஒரு சிறு அடர்வு தெரிந்தது. அக்காவுக்கு நோய் வந்த அதே பக்கம், அதே மேல்வெளிப் பகுதி. டோமோசிந்தசிஸ் முறையில் அடுக்கடுக்காக எடுத்தபோது அது பெரிதும் கலைந்துபோயிற்று. அல்ட்ராசவுண்டில் திண்மையான கட்டி இல்லை. எஞ்சியதற்காக, அதே அறிக்கை முறையில் சந்தேகத்தின் அளவைக் குறிக்கும் எண்ணாகப் பை-ராட்ஸ் 3 என்று எழுதி, ஆறு மாதத்தில் வரச்சொன்னேன். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் புற்றுநோய் வாய்ப்பில்லை என்பதே அந்த எண்ணின் பொருள் என்று சொல்லியும், அந்த ஆறு மாதமும் அவர் சரியாக உறங்கவில்லை என்று பின்னர் அக்கா சொன்னார். ஆபத்தை முன்கூட்டிச் சொல்வதற்கு இந்த விலையும் உண்டு. எந்த மாதிரியின் மதிப்பெண்ணிலும் அது சேர்வதில்லை. ஆறு மாதத்தில் மாற்றமில்லை, 2024இலும் மாற்றமில்லை.

2025 ஆகஸ்டில் எடுத்த படத்தை நான் சி என்று படித்தேன். அடர்த்தி குறைந்துவிட்டது என்று அவரிடம் மகிழ்ச்சியோடு சொல்வதற்குமுன், பெயரை மறைத்து இன்னொருவரிடம் காட்டினேன். அவர் டி என்றார். சிக்கும் டிக்கும் இடைப்பட்ட எல்லையில் தேர்ந்தவர்களும் இப்படி மாறுபடுவது வழக்கம். ஆகவே அறிக்கையில் டி என்றே எழுதினேன், பரிசோதனை இடைவெளியையும் மாற்றவில்லை. தங்கைக்கு இப்போது 44 வயது, நோய் இல்லை. அக்கா சிகிச்சை முடித்து, ஹார்மோன் மாத்திரையோடு நலமாக இருக்கிறார்.

அந்த முறை அக்கா தம் மகளையும் அழைத்து வந்திருந்தார். 23 வயது. அவளுக்கும் ஒரு படம் எடுத்துவிடலாமா என்று கேட்டார். இந்த வயதில் மேமோகிராம் தேவையில்லை, எடுத்தாலும் பெரும்பாலும் வெண்மைதான் தெரியும், 47இல் பத்துக் கழித்தால் 37, அப்போது தொடங்கினால் போதும், இடையில் கட்டி எதுவும் தட்டுப்பட்டால் மட்டும் உடனே வரவேண்டும் என்றேன். அக்கா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து, தம் 2019 பிலிம்கள் இருந்த அந்த மஞ்சள் உறையின் பின்புறத்தில் மகளின் பெயரை எழுதி, அதனருகே 2039 என்று எழுதிக்கொண்டார்.